பெயர் தெரிந்தால்தான் மரம் மிஞ்சும்

பட்டணத்துப் பூங்காவில் உழவனுக்கு என்ன வேலை, நாம் பார்க்காத மரமா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சின்ன சோதனை செய்து பாருங்களேன். உங்கள் ஊர்க் குளக்கரையில் நிற்கும் பத்து மரங்களைக் காட்டி, வீட்டில் உள்ள கல்லூரிப் பிள்ளையிடம் பெயர் கேளுங்கள். வேம்பு, புளி, ஆல், அரசு வரை சொல்லும். அதற்கு மேல் எல்லாம் ‘ஏதோ காட்டு மரம்’தான். அப்படிப் பெயர் இழந்த மரம்தான் ஜேசிபி வந்தால் முதலில் சாய்கிறது. கேட்க ஆள் இருக்காது.

சென்னை கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையில் ஒரு மரப் பூங்கா இருக்கிறது. பொதுப்பணித்துறைக்குச் சொந்தமான அந்த இடம் முன்பு குப்பை கொட்டும் இடமாகக் கிடந்தது. 2006-ல் ‘நிழல்’ அமைப்பினர் அங்கே நம் நாட்டு மரங்களை நட ஆரம்பித்தார்கள். நடுவது, தண்ணீர் ஊற்றுவது, களை எடுப்பது எல்லாம் அக்கம்பக்கத்து மக்களும் மாணவர்களும் செய்த வேலை. நகரத்தின் பல பகுதிகளில் ‘மர நடை’ என்று கூட்டிப்போய் மரங்களை அறிமுகப்படுத்தவும் செய்கிறார்கள். மகள் வீட்டுக்குப் போகும்போது நானும் சேர்ந்துகொள்வதுண்டு.

அங்கே கற்பது கண்ணாலும் கையாலும்தான். நீர்மருதின் பட்டை வழுவழுப்பாக வெளிறி இருக்கும். காயில் ஐந்து இறக்கை இருக்கும். மாவிலங்கத்துக்கும் வில்வத்துக்கும் மும்மூன்று இலைகள். வில்வத்தில் முள் உண்டு, மாவிலங்கத்தில் இல்லை. பூவரசம்பூ காலையில் மஞ்சள், சாயங்காலம் சிவந்துவிடும். இப்படி ஒரு அடையாளத்தோடு மனதில் பதிந்த மரம் அப்புறம் மறக்காது.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைப் புரட்டியது. தெருவெல்லாம் மரம். நாட்டு மரங்களும் விழுந்தன. ஆனாலும் தூங்குமூஞ்சி, குல்மோகர் போன்ற, நிழலுக்கும் அழகுக்கும் வெளிநாட்டிலிருந்து வந்த மரங்கள் நிறையவே விழுந்து கிடந்தன. எந்த மண்ணில் எந்த மரம் என்ற கேள்வியை அந்தப் புயல்தான் நகரத்துக்காரர்கள் பலரைக் கேட்க வைத்தது.

நமக்கு அந்தக் கேள்வி இன்னும் அவசரம். வங்கியில் இருந்தபோது கடனுக்காகத் தோட்டம் பார்க்கப் போனால் கிணறு, மோட்டார், பயிர் எல்லாம் எழுதுவோம். வரப்பில் நிற்கும் புங்கனுக்குப் படிவத்தில் கட்டமே கிடையாது. ஆனால் அந்தப் புங்கன் வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கிறது. தழையை மிதித்தால் நெல்வயலுக்கு உரம். உசில் இலையில்லாமல் அரப்பு மோர் கரைசல் ஏது? நொச்சியும் வேம்பும் இல்லாத தோட்டத்துக்காரர் பூச்சிவிரட்டிக்கு எங்கே போவார்? மரத்தைத் தெரியாதவருக்கு இடுபொருள் எல்லாம் கடையில்தான்.

இன்னொன்று, விதைக்கு நேரம் உண்டு. வேப்பம்பழமும் நாவல்பழமும் ஆனி, ஆடியில் உதிரும். இரண்டு விதையும் காய்ந்தால் முளைப்புத்திறன் சீக்கிரம் போய்விடும். பழம் பொறுக்கிய சில நாட்களிலேயே சதை கழுவி ஊன்றிவிட வேண்டும். இலுப்பை விதையும் அப்படித்தான். மரம் எங்கே நிற்கிறது, எப்போது பழுக்கும் என்று தெரிந்த பெரியவர் ஊரில் இல்லாமல் போனால், அந்த வருஷத்தோடு நாற்றும் இல்லை. அப்புறம் நாற்றுப்பண்ணையில் கிடைப்பதைத்தான் நடுவோம்.

நம் ஊர்களிலும் இதைத் தொடங்கலாம், செலவே இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு மணி நேரம். கோயில் நந்தவனம், குளக்கரை, பேருந்து நிலையத்துப் பூங்கா, எதுவானாலும் சரி. பத்து மரம் போதும். ஒவ்வொரு மாதமும் அதே பத்து மரத்தையே பாருங்கள். இலை உதிர்வு, துளிர், பூ, காய், வந்த தேனீ, பறவை என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் பிள்ளைகள் எழுதட்டும். பெரியவர்களை அவசியம் கூப்பிடுங்கள். ஒரு ஊரில் உசில், இன்னொரு ஊரில் ஊஞ்சை, மற்றொரு இடத்தில் அரப்பு. எல்லாம் ஒரே மரம்தான். அந்தப் பெயர்களையும் சேர்த்து எழுதுங்கள். உசிலம்பட்டி, நாவலூர், இலுப்பூர், திருவிடைமருதூர் என்று மரத்தின் பெயரில் ஊர் வைத்தவர்கள் நாம்.

பன்னிரண்டு மாதம் முடிந்தால் உங்கள் ஊருக்கென்று ஒரு விதைக் காலண்டர் கையில் இருக்கும். அதை வைத்து அடுத்த ஆனியில் ஐம்பது பையில் மண் நிரப்புங்கள். ஆடி, ஆவணியில் நாற்று வளர்ந்தால், ஐப்பசி மழைக்கு வரப்போரம் குழி எடுக்கலாம்.