மாணாக்கர் வெற்றியும் ஊரார் கடமையும்

பரீக்ஷை முடிவுகள் வெளியாகும் வாரத்தில் தாமிரபரணிக் கரையிலுள்ள ஊர்கள் ஒவ்வோர் ஆண்டும் புதுக் களை கொள்கின்றன. ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம், ஏரல், குரும்பூர் என்று எந்தக் கடைவீதியில் நின்றாலும், அதிக மார்க் வாங்கிய மாணாக்கரின் முகங்கள் பிளக்ஸ் பலகைகளிலிருந்து நம்மை நோக்குகின்றன. வாழைத் தோட்டத்திலும் நெல் வயலிலும் கூலி வேலை செய்து பிழைக்கும் குடும்பங்களிலிருந்து, முதன்முதலாக மேல்நிலைப் படிப்பை முடித்து வெளிவரும் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. பெற்றோரின் பூரிப்பிலும் உபாத்தியாயர்களின் மனநிறைவிலும் நாமும் பங்கு கொள்கிறோம். இளம் வயதில் ஊரார் வாயிலிருந்து கேட்ட ஒரு நல்ல சொல் ஒருவனுக்கு ஆயுள் முழுவதும் துணை நிற்கும். ஆகையால் பாராட்டுவதில் எவரும் சிக்கனம் காட்ட வேண்டுவதில்லை.

எனினும், எதற்காகப் பாராட்டுகிறோம், யாரைப் பாராட்டுகிறோம், எத்தகைய உள்ளத்தோடு பாராட்டுகிறோம் என்ற மூன்று கேள்விகளை இத்தருணத்தில் நமக்கு நாமே கேட்டுக் கொள்வது நலம் பயக்கும்.

முதற் கேள்வியை எடுத்துக் கொள்வோம். மார்க் ஒன்றே மாணாக்கனை அளக்கும் கோலாகிவிட்டது. மாநிலத்தில் முதல்வர், இரண்டாமவர் என்று பெயர் வெளியிடும் வழக்கத்தைத் தமிழ்நாட்டுச் சர்க்கார் 2017ஆம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டது. மார்க்குப் பந்தயத்தில் பிள்ளைகளின் மனம் நைந்து போகலாகாது என்பதே அதன் நோக்கம். ஆனால் சர்க்கார் நிறுத்தியதைக் கடைவீதிப் பலகைகள் நிறுத்தவில்லை. பரீக்ஷை நெருங்கியவுடன் தேகப்பயிற்சிப் பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிடுவது பல பள்ளிக்கூடங்களில் சகஜமாயிருக்கிறது. விளையாட்டு மைதானமோ புல் முளைத்துக் கிடக்கிறது. கல்வி என்பது அறிவையும் உடலையும் உள்ளத்தையும் ஒருங்கே வளர்ப்பது என்று மேடைகளில் பேசிவிட்டு, மூன்றில் ஒன்றுக்கு மட்டும் மாலை சூட்டுவது நியாயமாகுமா?

இவ்வட்டாரத்தின் அனுபவமே நமக்கு வழி காட்டப் போதுமானது. ஆழ்வார்திருநகரிக்கு அருகே மணத்தி என்றொரு சிற்றூர் இருக்கிறது. அவ்வூர்க் கணேசன், 1994ஆம் ஆண்டில் ஜப்பான் தேசத்து ஹிரோஷிமாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கப் பதக்கம் வென்ற இந்தியக் கபடிக் கோஷ்டியில் ஒருவராக ஆடினார். அடுத்த ஆண்டு, 1995க்குரிய அர்ஜுனா விருது அவருக்கு வழங்கப்பட்டது. அவர் வாழ்க்கையைத் தழுவி 2025இல் ஒரு சினிமாப் படமும் வெளியாயிற்று. நாம் சடுகுடு என்று சொல்லி வந்த மண்தரை ஆட்டம் கடல் கடந்த நாட்டில் தேசத்தின் பெயரை நிலைநாட்டியது. இன்று பெண்களும் அத்துறையில் முன் நிற்கின்றனர். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பெண்கள் கோஷ்டி தங்கம் வென்றபோது, சென்னைக் கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா அதில் ஆடினார். இவர்களுக்கு ஆற்றலைத் தந்தது பரீக்ஷை மண்டபமன்று, ஆடுகளமே தந்தது.

தொண்டிலும் இக்கரை மக்கள் எவருக்கும் பின்வாங்கியவர்கள் அல்லர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டு ஊர்களைத் துண்டித்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், சுமார் 800 பிரயாணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. அவர்களில் ஒரு பகுதியார் அருகிலிருந்த பள்ளிக்கூடத்தில் தங்கவைக்கப்பட்டனர். புதுக்குடி கிராமத்தார் தங்கள் வீடுகளிலும் வெள்ளம் சூழ்ந்திருந்த நிலையில், இருந்த அரிசியைக் கொண்டு சமைத்துப் பசியாற்றினார்கள். இலை போடுமுன் அவர்கள் யாருடைய குலத்தையும் விசாரித்ததாக நாம் கேள்விப்படவில்லை. நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல், காந்தியடிகளின் நூற்றாண்டில் கல்லூரிகளில் தொடங்கப்பெற்றுப் பின்பு மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. அத்திட்டத்தில் சேரும் மாணாக்கருக்குப் புதுக்குடியாரின் செய்கையைக் காட்டிலும் சிறந்த பாடப் புத்தகம் வேண்டுவதில்லை.

இனி, நாம் சொல்ல வந்த முக்கிய விஷயத்துக்கு வருகிறோம். வெள்ளம் வந்த நாளில் குலம் கேளாத இதே பள்ளத்தாக்கில், வெயில் காயும் நாட்களில் நடப்பது என்ன?

2025 மார்ச் 10ஆம் தேதி ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகே, பரீக்ஷை எழுதுவதற்காக பஸ்ஸில் சென்றுகொண்டிருந்த பதினோராம் வகுப்பு மாணாக்கன் ஒருவனை, மூவர் வழிமறித்துக் கீழே இழுத்து அரிவாளால் வெட்டினர். அவனுடைய இடக்கை விரல்கள் துண்டிக்கப்பட்டன. சில நாட்களுக்கு முன் நடந்த கபடி ஆட்டத்தில் அவன் கட்சி வென்றதே பகைக்குக் காரணம் என்று அவன் குடும்பத்தார் கூறினர். வேறு காரணமும் சொல்லப்பட்டது. காரணம் எதுவாயினும், வெட்டுண்ட விரல்கள் அன்று பேனா பிடிக்க வேண்டிய ஒரு பிள்ளையின் விரல்கள் என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. மணத்தியின் பெருமையைப் பேசும் அதே வட்டாரத்தில், ஒரு சிறுவன் சடுகுடுவில் ஜயித்தது அவன் உயிருக்கே ஆபத்தாயிருக்கலாம் என்று பெற்றோர் எண்ணும் நிலை வந்ததே, அது போதாதா நாம் தலை குனிவதற்கு?

இதற்கு முன்னரே, 2023 ஆகஸ்டில், நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணாக்கனை உடன் படித்த சிறுவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த அவன் தங்கையும் காயமுற்றாள். நன்றாகப் படித்ததைத் தவிர அவன் செய்த குற்றம் வேறில்லை. அம்மாணாக்கன் காயம் ஆறி எழுந்து, 2024இல் பிளஸ் டூ பரீக்ஷையில் 600க்கு 469 மார்க் பெற்றான். அவ்வாண்டு அதனினும் அதிக மார்க் வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்திருக்கலாம். அதனினும் பெரிய வெற்றி இருந்ததென்று நாம் ஒப்பமாட்டோம்.

சிறுவர்களின் போக்கிரித்தனத்தைப் போலீஸார் பார்த்துக் கொள்வார்கள், ஊரார் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. குற்றம் செய்தவரைச் சட்டம் தண்டிக்க வேண்டியதுதான். ஆனால் பதினேழு வயதுப் பையன் பிறக்கும்போதே அரிவாளோடு பிறக்கவில்லை. கையில் எந்த வர்ணக் கயிறு கட்டுவது, எந்தத் தெரு வழியே நடப்பது, யாரோடு சேர்ந்து உட்காருவது என்பதையெல்லாம் அவனுக்கு வீட்டுத் திண்ணையில் கற்பித்தவர்கள் பெரியவர்களாகிய நாமே. வேறு சிலர், சண்டைக்கு இடமாகிறதென்றால் போட்டிகளையே நிறுத்திவிடலாமே என்கின்றனர். இது மருந்தைக் கொட்டிவிட்டு நோயை வைத்துக் கொள்ளும் யோசனையாகும். சடுகுடு ஆட்டத்தின் இலக்கணத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். பாடிச் செல்பவன் எதிரியைத் தொட்டாக வேண்டும். எதிரிகள் அவனைக் கையும் காலும் பற்றிக் கட்டிப் பிடித்தாக வேண்டும். தீண்டாமல் ஆட முடியாத ஆட்டம் அது. தீண்டாமையைக் களத்திலேயே புதைப்பதற்கு அதனினும் எளிய சாதனம் நம் நாட்டில் எங்கே இருக்கிறது? தெருவுக்கு ஒரு கோஷ்டி, ஜாதிக்கு ஒரு கோஷ்டி என்று பிரித்து ஆடவிட்டு அம்மருந்தை நஞ்சாக்கியது யார் பிழை?

தேசியக் கல்வி என்ற பெயரில் இதே ஆற்றங்கரையில் ஒரு பெரிய முயற்சி நடந்ததும், அது எவ்வாறு சிதைந்தது என்பதும் வாசகர்களுக்குத் தெரிந்த சரித்திரம். வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்துக்குத் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் 10,000 ரூபாய் தர இசைந்து, 5,000 ரூபாயைக் கொடுத்தும் இருந்தது. அங்கே பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனிப்பந்தி நடந்ததென்ற செய்தி வெளியாயிற்று. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பெரியார் ஈ.வெ. ராமசாமியும் அதை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தனர். 1925இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பாபநாசத்துக்கு மேலுள்ள அருவியில் மகளோடு மாண்டார். அவருடைய தியாகமும் புலமையும் அளவிடற்கரியன. ஆயினும் இரண்டு இலைகளைத் தனியே போட்டதனால் அத்தனை பெரிய ஸ்தாபனம் நாட்டின் நம்பிக்கையை இழந்தது. பிள்ளைகளைப் பிரித்து வைத்துக்கொண்டு தேசத்தை ஒன்றுபடுத்த முடியாது என்ற பாடத்தை அன்றே நாம் விலை கொடுத்துக் கற்றோம். நூறு ஆண்டுகள் சென்ற பின்னும் அதே பாடத்தை மறுபடி படிக்க நேர்ந்திருக்கிறது.

நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பின் சர்க்கார் நியமித்த நீதிபதி சந்துரு கமிட்டி 2024 ஜூனில் தன் அறிக்கையைக் கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் ஜாதிச் சொற்கள் நீங்க வேண்டும். வர்ணக் கயிறுகள் கூடா. வகுப்பில் மாணாக்கர் அகர வரிசைப்படி உட்கார வேண்டும். எல்லா வகுப்பாரும் கலந்த மாணாக்கர் தொண்டர் படை ஒன்று அமைய வேண்டும் என்பன அதன் யோசனைகளிற் சில. இவற்றை நிறைவேற்றுவது சர்க்காரின் கடமை. ஆனால் சர்க்கார் உத்தரவால் பள்ளிக்கூடத்துப் பலகையை மாற்றலாம். எதிர்த் தெருப் பிள்ளை ஜயித்தான் என்று கேட்டு மலரும் முகத்தை எந்த உத்தரவாலும் உண்டாக்க முடியாது. அது ஊராரின் கையில் இருக்கிறது.

அதைச் செய்வதற்கு ஆழ்வார்திருநகரியைக் காட்டிலும் தகுதி வாய்ந்த ஊர் ஏது? குருகூர் என்ற பழம்பெயர் மறைந்து ஊருக்கே இப்பெயர் வரக் காரணமானவர், புளிய மரத்தடியில் பதினாறு வயது வரை வாய் திறவாதிருந்த ஒரு பிள்ளை என்பது ஐதிகம். திருக்கோளூரில் பிறந்து, வயதிலும் கல்வியிலும் முதிர்ந்து, வடநாட்டு யாத்திரையிலிருந்த மதுரகவிகள் அவரைத் தேடி வந்தார், கேள்வி கேட்டார், விடை கேட்டவுடன் அப்பிள்ளையைக் குருவாகக் கொண்டார். மதுரகவிகள் அந்தணர், நம்மாழ்வார் வேளாளர் குலத்தினர் என்பர். முதியவர் இளையவரைப் பணிந்தார். அன்று உயர்ந்த குலமென்று மதிக்கப்பட்டவர் பிற குலத்தாரைப் பணிந்தார். மதுரகவிகள் பாடிய பாசுரங்கள் 11. அத்தனையும் அந்த இளைஞரைப் பற்றிய பாராட்டே. பிறர் பெற்ற பிள்ளையின் பெருமையைக் கண்டு வாயாரப் பாராட்டும் குணத்தையே இவ்வூர் தெய்வத்தன்மை என்று போற்றி வருகிறது. பத்தாவது, பதினோராவது வகுப்பு மாணாக்கருக்கும் வயது பதினாறே என்பதை நினைவூட்ட விரும்புகிறோம்.

ஆதலின் இப்பகுதிப் பெரியோர்களிடம் நாம் வேண்டுவது இது. ஆண்டுக்கு ஒரு நாள், எல்லாத் தெருவாரும் வரக்கூடிய பொது இடத்தில், எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் பொதுவாக ஒரு பரிசளிப்பு விழா நடத்துங்கள். படிப்புக்கும் ஆட்டத்துக்கும் தொண்டுக்கும் ஒரே அளவான பரிசு கொடுங்கள். பெண் பிள்ளைகளுக்குப் பார்வையாளர் வரிசையை மட்டும் ஒதுக்காமல், ஆடுகளத்தையும் கொடுங்கள். கபடிக் கோஷ்டிகளைத் தெருவாரியாகப் பிரிக்காமல், சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். ஒவ்வொரு மாணாக்கனுக்கும் பரிசை அவன் சொந்தத் தெருப் பெரியவர் கொடுக்க வேண்டாம். வேறு தெருப் பெரியவர் தம் கையால் மாலை சூட்டட்டும். பின்னர் யாவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணுங்கள். இவற்றுக்கு ஆகும் செலவு, கடைவீதியில் கட்டும் பலகைகளின் செலவைவிட அதிகமாகாது.

பையன்களும் பெண்களும் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். வெட்டுப்பட்ட கையோடும் படித்துக் காட்டினார்கள்; மண்தரையில் ஆடி உலகை வென்று காட்டினார்கள். இனிப் பரீக்ஷை நமக்கு. பகைத் தெருவின் பிள்ளை ஜயித்த நாளில் நம் வீட்டிலும் பாயசம் வைக்க நமக்கு மனம் வருமானால், நாம் அதில் தேறினோம்.