நியூபோர்ட்டில் ஜோனி

2022 ஜூலை 24. அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா. பாடகி பிராண்டி கார்லைலும் அவர் நண்பர்களும் பாடுவார்கள் என்றுதான் ரசிகர்கள் வந்திருந்தார்கள். மேடையேறியவரோ ஜோனி மிட்செல்! கனடா தந்த பாடகி, பாடலாசிரியர்; அப்போது வயது 78. 2015-இல் மூளை ரத்தக்குழாய் பாதிப்பால் படுத்தவர், நடக்கவே புதிதாகப் பழகியவர். இனி இவரை மேடையில் எங்கே பார்க்கப் போகிறோம் என்று ஏங்கியவர்கள் எத்தனையோ பேர். நாற்காலியில் அமர்ந்து, தாழ்ந்து கனிந்த குரலில் பாடினார். பிறகு எழுந்து நின்று கிட்டார் வாசித்தார். எந்த விரலை எங்கே வைப்பது என்பதைத் தன் பழைய காணொளிகளைப் பார்த்தே மறுபடி கற்றிருந்தார், பாருங்கள்! கூட்டத்தில் பலர் அழுதார்கள். மேடையில் பின்னால் இருந்த பாடகி வைனோனா ஜட்டுக்கும் கண்ணீர் நிற்கவில்லை. அன்றைய நேரடிப் பதிவு 2024-இல் கிராமி விருது பெற்றது. அவசியம் கேளுங்கள், நேயர்களே.