கட்டுவதற்கு முன் கணக்கிடுவோம்

'வீட்டைக் கட்டிப் பார். கல்யாணம் பண்ணிப் பார்' என்பது நம் முன்னோர் அனுபவத்தில் கண்ட பழமொழி. இன்றைய நகரவாசிக்கு வீட்டைக் கட்டுவது இருக்கட்டும். கட்டிய வீட்டை வாங்குவதே வாழ்நாள் போராட்டமாகிவிட்டது. இதற்கு 'மேலும் வீடுகள் கட்டுவோம்' என்பதே அரசுகளின் வழக்கமான பதில். எத்தனை வீடுகள், யாருக்கு, எங்கே, என்ன விலையில் என்ற கேள்விகளுக்கு விடை காணாமல் கட்டப்படும் வீடுகள் பல இடங்களில் பூட்டிக் கிடக்கின்றன. அந்த விடைகளைத் தேடுவதுதான் வீட்டுவசதி, மனை வணிகம் குறித்த ஆய்வு நிறுவனங்களின் பணி.

வீட்டுப் பற்றாக்குறை என்றதும் தெருவோரம் படுத்துறங்குவோரே நம் நினைவுக்கு வருவர். பொருளியலறிஞர் அமிதாப் குண்டு தலைமையிலான வல்லுநர் குழு, 2012-இல் இந்திய நகரங்களின் பற்றாக்குறையை 1 கோடியே 87 லட்சத்து 80 ஆயிரம் வீடுகள் என மதிப்பிட்டது. இதில் வீடே இல்லாதோருக்குத் தேவைப்பட்டவை 5.3 லட்சம் மட்டுமே. ஏறத்தாழ 1 கோடியே 50 லட்சம் வீடுகள் நெருக்கடியால் தேவைப்பட்டவை; அதாவது, மணமான இணையருக்குத் தனி அறைகூட இல்லாத குடும்பங்களுக்கானவை. பற்றாக்குறையில் 95 சதவீதத்துக்கு மேல் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினரும் குறைந்த வருவாய்ப் பிரிவினரும் எதிர்கொண்டது. ஆனால், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நம் நகரங்களில் காலியாக இருந்த வீடுகள் ஏறத்தாழ 1.1 கோடி!

இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் நோயின் தன்மை புரியும். கட்டப்படும் வீடு ஒருவருக்கு முதலீடு. தேவைப்படும் வீடு மற்றொருவருக்கு. இருவருக்கும் இடையிலான பாலமான வாடகைச் சந்தை வலுவாக இல்லை. இப்படிக் கணக்கிட்டுச் சொல்ல ஆய்வாளர்கள் இல்லையெனில், கட்டுமான எண்ணிக்கையையே சாதனையாகக் கருதி நாம் மகிழ்ந்துகொண்டிருப்போம்.

அடுத்தது, 'கட்டுப்படியாகும் விலை' என்பதை எப்படி அளப்பது என்ற கேள்வி. 2019-இல் இந்திய ரிசர்வ் வங்கி 13 நகரங்களின் ஆய்வு முடிவுகளை வெளியிட்டது. அதன்படி, வீட்டு விலைக்கும் மாத வருமானத்துக்குமான விகிதம் 2015 மார்ச்சில் 56.1-ஆக இருந்து, 2019 மார்ச்சில் 61.5-ஆக உயர்ந்தது. மும்பையில் அது 74.4. ஐந்தாண்டு வருமானம் முழுவதையும், உண்ணாமல் உடுத்தாமல் சேர்த்தாலும் ஒரு வீட்டுக்குப் போதாது என்பதே இதன் பொருள். இந்த ஆய்வு வீட்டுக்கடன் பெற்றவர்களின் விவரங்களை அடிப்படையாகக் கொண்டது. கடன் பெறும் தகுதியே இல்லாத கட்டடத் தொழிலாளியும் வீட்டுப் பணிப்பெண்ணும் இந்தக் கணக்கில் வரவே இல்லை. அவர்களையும் சேர்த்தால் உண்மை இன்னும் கசப்பாகவே இருக்கும்.

இதே அளவுகோலால் அரசின் வரையறைகளையும் உரசிப் பார்க்கலாம். 2019 ஏப்ரல் முதல் 1 சதவீத சரக்கு-சேவை வரிச் சலுகைக்கு உரிய 'மலிவு விலை வீடு' என்பதன் உச்சவரம்பு ரூ.45 லட்சம். பிரதமரின் வீட்டுவசதித் திட்டத்தின்படி நலிந்த பிரிவுக் குடும்பத்தின் ஆண்டு வருமான வரம்பு ரூ.3 லட்சம். அந்தக் குடும்பத்துக்கு இந்த 'மலிவு' வீடு, 15 ஆண்டுகளின் மொத்த வருமானம். 'யாருக்கு மலிவு?' என்று கேட்பது ஆய்வாளரின் முதல் கடமை.

மூன்றாவது பணி, நடைமுறைப்படுத்திய திட்டங்கள் பயன் தந்தனவா என்று மதிப்பிடுவது. அகமதாபாதில் 1987-இல் குடிசைப் பகுதிப் பெண்களுக்குக் குலுக்கல் முறையில் புறநகரில் வீடுகள் ஒதுக்கப்பட்டன. 14 ஆண்டுகளுக்குப் பிறகு அவர்களின் நிலையை ஷாரன் பார்ன்ஹார்ட், எரிகா ஃபீல்ட், ரோகிணி பாண்டே ஆகிய ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். வீடு கிடைத்தவர்களில் 34 சதவீதத்தினர் அங்கே குடியேறவே இல்லை. 32 சதவீதத்தினர் குடியேறிய பின் வெளியேறிவிட்டனர். வீடு கிடைத்தோருக்கும் கிடைக்காதோருக்கும் இடையே குடும்ப வருமானத்திலோ, உடல்நலத்திலோ வேறுபாடு காணப்படவில்லை. ஆத்திர அவசரத்துக்குக் கைமாற்று தரும் உறவும் அக்கம்பக்கமும் தொலைவில் போனதுதான் அவர்கள் கண்ட மாற்றம்.

சென்னையின் மையப் பகுதிகளிலிருந்து கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் மக்களை இடம்பெயர்த்த நமக்கு இதில் பெரும் பாடம் உண்டு. வீடு என்பது நான்கு சுவர்கள் மட்டுமல்ல. வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் உள்ள தொலைவும் அதன் விலையில் அடங்கியதே.

ஆய்வு நம்பகமானதாக இருக்கத் தரவும் நம்பகமானதாக இருக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் வீட்டு விலைக் குறியீடு பத்திரப்பதிவு விவரங்களை அடிப்படையாகக் கொண்டது. தேசிய வீட்டுவசதி வங்கி 2007-இல் தொடங்கிய 'ரெசிடெக்ஸ்' குறியீடோ, இன்று கடன் நிறுவனங்களின் மதிப்பீடுகளைப் பயன்படுத்துகிறது. நம் நாட்டில் கைமாறும் விலை ஒன்று, பத்திரத்தில் எழுதும் விலை வேறொன்று என்பதும், வழிகாட்டி மதிப்பை ஒட்டியே பலரும் பதிவு செய்கிறார்கள் என்பதும் ஊரறிந்த ரகசியம். மனை வணிக ஆலோசனை நிறுவனங்கள் வெளியிடும் அறிக்கைகள் பயனுள்ளவையே. எனினும், விற்பனையால் வாழும் துறையின் அறிக்கையை மட்டுமே நம்பிக் கொள்கை வகுப்பது, தரகரிடமே விலை நியாயம் கேட்பதைப் போன்றது.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உள்ள வீட்டுவசதி ஆய்வு மையம் 1988 முதல் ஆண்டுதோறும் நாட்டின் வீட்டுவசதி நிலை குறித்து அறிக்கை வெளியிட்டு வருகிறது. வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வீட்டுக்குச் செலவிடும் குடும்பங்கள் எத்தனை என்பது அங்கு ஆண்டுதோறும் பொதுவிவாதமாகிறது. அறிக்கை வாடகையைக் குறைத்துவிடாது. ஆனால், ஆட்சியாளர்கள் சிக்கலை மறைக்க முடியாமல் செய்துவிடும்.

பல ஆண்டுகள் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் தமிழக அரசின்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, பதிவுத் துறையிடம் குவிந்துள்ள விற்பனை விவரங்களைத் தனிநபர் அடையாளங்களை நீக்கிப் பல்கலைக்கழகங்களுக்குத் திறந்துவிட வேண்டும். இரண்டாவது, மாநகராட்சிகள் தோறும் ஆண்டுக்கொரு முறை வாடகைக் கணக்கெடுப்பு நடத்த வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு வீட்டுவசதித் திட்டத்தின் நிதியிலும் ஒரு சிறு பங்கைச் சுதந்திரமான மதிப்பீட்டுக்கு ஒதுக்கி, முடிவு கசப்பாக இருப்பினும் அதை வெளியிட வேண்டும்.

2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடைபெறாததால், 2011-ஆம் ஆண்டின் வீட்டு விவரங்களைக் கொண்டே இத்தனை காலமும் திட்டமிட்டு வந்திருக்கிறோம். அளவு எடுக்காமல் தைத்த சட்டை யாருக்கும் பொருந்தாது. கோடிக்கணக்கில் செலவிட்டு வீடு கட்டும் அரசுகள், அதில் குடியேறப் போகும் மனிதரின் வருமானத்தையும் வாழ்வையும் முதலில் அளந்தறியட்டும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).