பாட்டியும் ரெண்டு மணி நேர அலாரமும்: படுக்கைப் புண் ஏன் வருது?

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் பர்சனல்.

போன வருஷம் எங்க பாட்டி பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சிடுச்சு. ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் பகல் ஷிஃப்ட் என்னோடது. மாத்திரை, கஞ்சி எல்லாம் நேரத்துக்குக் கொடுத்தேன். பாட்டி அசையாம படுத்திருந்தாங்க. நல்லா ரெஸ்ட் எடுக்கிறாங்கன்னு எனக்குச் சந்தோஷம்.

நாலாவது நாள், உடம்பு துடைச்சுவிட வந்த நர்சிங் அசிஸ்டென்ட் அக்கா என்னைக் கூப்பிட்டாங்க. பாட்டியோட முதுகுக்குக் கீழே, வால் எலும்புப் பக்கம், தோல் கருத்திருந்தது. "தம்பி, கடைசியா எப்போ திருப்பிப் படுக்க வெச்சீங்க?" என்கிட்ட பதில் இல்லை.

என்ன நடக்குதுன்னா, உள்ளே எலும்பு, வெளியே மெத்தை. நடுவுல மாட்டின சதையில இருக்கிற நுண்ணிய ரத்தக்குழாய்கள் நசுங்கிடும். ரத்தம் போகலைன்னா ஆக்சிஜன் போகாது, செல்கள் சாக ஆரம்பிக்கும். சில சமயம் பாதிப்பு எலும்பை ஒட்டி ஆழத்துல தொடங்கும். அதனால வெளியே சின்னதா தெரியறது உள்ளே பெருசா இருக்கலாம்.

நமக்கு ஏன் வர்றதில்லை? ஒரே இடத்துல உட்கார்ந்தா வலிக்கும், நகர்ந்துடுவோம். தூக்கத்துல கூட நமக்கே தெரியாம புரண்டு படுப்போம். பக்கவாதம், தண்டுவடக் காயம், ரொம்ப பலவீனம்னு வந்தா அந்த உணர்ச்சியோ, நகர்ற தெம்போ போயிடும். அப்போ அந்த வேலையை வேற ஒருத்தர் செய்யணும்.

அக்கா சொல்லிக்கொடுத்த செக் இது. நிறம் மாறின இடத்தை விரலால அழுத்தி எடுங்க. வெளுத்து, பழைய நிறத்துக்கு வந்தா ரத்தம் ஓடுது. வெளுக்கவே இல்லைன்னா அதுதான் முதல் நிலை. ஆனா நம்ம மாதிரி கருப்பு, மாநிறத் தோல்ல இது சரியா தெரியாது. அதனால பக்கத்துத் தோலோட ஒப்பிடுங்க: நிறம் மாறியிருக்கா, சூடா இருக்கா, கெட்டியாவோ கொழகொழன்னோ இருக்கா, தொட்டா வலிக்குதா?

பொதுவா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிலையை மாத்தணும். முழுசா ஒருக்களிக்காம, முதுகுக்குப் பின்னாடி தலையணை வெச்சு 30 டிகிரி சாய்வு போதும். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வெச்சா குதிகால் மெத்தையில படாது. இழுக்காதீங்க, ரெண்டு பேர் சேர்ந்து விரிப்போட தூக்கி நகர்த்துங்க. ஈரமானா உடனே மாத்துங்க. எலும்பு ஆபரேஷன் ஆனவங்களை எந்தப் பக்கம் திருப்பலாம்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

நான் செய்ய இருந்த தப்பு ஒண்ணு: அந்த இடத்துல எண்ணெய் போட்டுத் தேய்க்கப் போனேன். அக்கா கையைப் பிடிச்சுத் தடுத்தாங்க. நசுங்கின சதையைத் தேய்ச்சா இன்னும் கெடும். நடுவுல ஓட்டை போட்ட வளைய குஷனும் வேண்டாம். அதோட விளிம்பு சுத்தியிருக்கிற ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். காத்து மெத்தை உதவும், ஆனா அது இருக்கேன்னு திருப்பாம விட்டுடக் கூடாது.

பாட்டிக்குத் தோல் பிரியலை, பிழைச்சோம். ரெண்டு வாரத்துல சரியாச்சு. பகல்ல என் போன் அலாரம், ராத்திரி அம்மாவோடது.

உங்க வீட்டுல படுக்கையில யாராவது இருந்தா, இன்னைக்கே கீழ்முதுகையும் குதிகாலையும் பாருங்க. தோல் பிரிஞ்சிருந்தாலோ, நாத்தம், காய்ச்சல் இருந்தாலோ அன்னைக்கே டாக்டரைப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!