மலைவழி நெட்டோட்டமும் ஓடுவோர் ஆற்றலும்

மரதன் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீற்றர் என்பதை மாணவர் பலரும் அறிவர். அத்தூரத்தையும் கடந்து நூறு, நூற்றெழுபது கிலோமீற்றர் வரை ஓடும் போட்டிகளும் உள. அவை அல்ற்றா மரதன் எனும் பெயரால் வழங்குகின்றன. அவற்றுள் மலைப்பாதைகளில் நிகழ்வன தனியொரு வகையின. இவற்றைக் குறித்து விளையாட்டு அன்பரிடையே ஒரு வாதம் நெடுநாளாக நிலவி வருகின்றது. மலைவழி ஓடுவோர் உண்மையில் உயர்ந்த உடலாற்றல் படைத்த வீரர்தாமா? அன்றி, விரைவுப் போட்டிகளில் வெல்ல இயலாது, பொறுமை ஒன்றையே முதலாகக் கொண்டு நெடுந்தூரத்தை நாடியவர்களா? இவ்வினாவை ஒரு போட்டியையும் ஒரு வீரரின் வரலாற்றையும் கொண்டு ஆராய்தல் பயன் தரும்.

அல்ப்சு மலைத்தொடரின் மிகவுயர்ந்த சிகரம் மோன் பிளான். அதனைச் சுற்றிச் செல்லும் போட்டி 2003ஆம் ஆண்டில் தொடங்கிற்று. பிரான்சிலுள்ள சமோனி நகரில் மாலைவேளையிற் புறப்படும் வீரர், இத்தாலியையும் சுவிற்சலாந்தையும் கடந்து மீண்டும் அந்நகரையே வந்தடைதல் வேண்டும். இன்றைய பாதையின் நீளம் ஏறத்தாழ 170 கிலோமீற்றர். ஏறவேண்டிய உயரங்களை ஒருங்கு கூட்டின் 10,000 மீற்றர் வரை வரும், இறங்கவேண்டியதும் அவ்வளவே. முதலாண்டில் பாதை இதனிலும் சற்றுக் குறுகியதாயிருந்தும், புறப்பட்ட எழுநூற்றுவர் அளவினருள் முழுப் பாதையையும் ஓடி முடித்தோர் 67 பேரே. அவருள் முதல்வராக வந்தவர் நேபாளத்தைச் சேர்ந்த தாவா செர்ப்பா என்பவர்.

இப்போட்டியைத் தொடர்ந்து நோக்குவோர் முதலில் வியப்புறுவது வேகத்தைக் கண்டன்று, வேகமின்மையைக் கண்டேயாம். செங்குத்தான ஏற்றங்களில் முன்னணியில் நிற்பவரும் கைகளைத் தொடைமீது ஊன்றியோ, கோல்களை ஊன்றியோ நடந்தே செல்கின்றனர். கெல்வின் கிப்தும் 2023இல் சிக்காகோ நகரில் மரதன் தூரத்தை 2 மணி 35 விநாடியில் ஓடி முடித்தார். அது மணிக்கு 21 கிலோமீற்றர் வேகமாகும். அதே ஆண்டில் மோன் பிளான் போட்டியில் வென்றவரின் சராசரி வேகம் மணிக்கு 9 கிலோமீற்றரினும் குறைவு. மேலும், தொடக்க ஆண்டுகளில் அப்போட்டியில் வென்றார்க்குப் பரிசுப்பணம் இருக்கவில்லை. ஆதலின், உலகின் தலைசிறந்த ஓட்டவீரர் மரதனையும் தடகளப் போட்டிகளையுமே நாடினர் என்றும், எஞ்சியோரே மலைக்குச் சென்றனர் என்றும் ஐயவாதிகள் கூறுவர். இக்கூற்றை எளிதில் தள்ளிவிடல் முறையன்று.

எனினும், அமெரிக்க வீரர் ஜிம் வாம்ஸ்லியின் வரலாறு இவ்வாதத்தைப் புதியதோர் ஒளியிற் காட்டுகின்றது. கலிபோர்னியாவில் நிகழும் நூறு மைல் ஓட்டமாகிய வெஸ்ரேண் ஸ்ரேற்ஸ் போட்டியை அவர் 2019இல் 14 மணி 9 நிமிடத்தில் ஓடிச் சாதனை நிலைநாட்டினார். அவ்வாண்டின் தொடக்கத்திலேயே அரைமரதனை 64 நிமிடத்தில் ஓடி, ஒலிம்பிக் மரதன் தெரிவுப் போட்டிக்கும் தகுதி பெற்றிருந்தார். 2020 பெப்ரவரியில் அத்லாந்தா நகரில் நிகழ்ந்த அத்தெரிவில் 2 மணி 15 நிமிடத்தில் ஓடி 22ஆம் இடத்தைப் பெற்றார். முதலிடம் பெற்றவருக்கும் இவருக்கும் இடையே ஏறத்தாழ ஆறு நிமிடமே. ஐயவாதிகள் இதனைத் தம் பக்கச் சான்றாகக் கொள்வர்; நெட்டோட்டத்தின் தலைவன் மரதனில் இருபத்திரண்டாமவனே அன்றோ என்பர். ஆயின், அந்நாட்டின் மரதன் வீரர் இருநூற்றுக்கு மேற்பட்டோர் கூடிய களத்தில் அவர் பெற்ற இடம் எளியார் பெறும் இடமன்று.

இனி, இதன் மறுபக்கம் நோக்கத்தக்கது. இத்தகைய விரைவு படைத்த வாம்ஸ்லி, மோன் பிளான் மலையில் எளிதில் வென்றாரல்லர். 2017இல் ஐந்தாம் இடமே பெற்றார். 2018இலும் 2021இலும் இடைவழியே விலகினார். பின்னர்ப் பிரான்சு நாட்டு மலைப்பகுதியிற் குடியேறி, அம்மலைச் சரிவுகளிலேயே பயின்றார். 2022இல் நான்காம் இடம் கிட்டிற்று. 2023இலேயே 19 மணி 37 நிமிடத்தில் ஓடி வெற்றி பெற்றார். சமதரையில் அவரினும் மெதுவாக ஓடுவோர் பலர், முந்திய ஆண்டுகளில் அவரை மலையில் வென்றனர். விரைவு ஒன்றே ஆற்றலின் முழு அளவாயின், இஃது எங்ஙனம் நிகழும்?

இதற்கு விடை உடலின் இயக்கத்திலேயே உளது. மரதனில் வெற்றியை உறுதிசெய்வன, உடல் கொள்ளத்தக்க ஒட்சிசனின் அளவும், அதனைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் திறனுமாம். மலையோட்டத்திற்கும் இவை இன்றியமையாதன. ஆயின் இவை மட்டும் போதா. இறக்கத்தில் ஓடுங்கால், தொடைத்தசை நீண்டுகொண்டே சுருங்கி உடலின் பாரத்தைத் தாங்குகின்றது. இதனால் தசையிழைகள் சிதைவுறுகின்றன. மோன் பிளான் போட்டியை முடித்தோரை ஆராய்ந்தபோது, அவர்தம் தொடைத்தசையின் வலிமை மூன்றிலொரு பங்களவு குறைந்திருந்தமை காணப்பட்டது. உணவோ மற்றொரு சோதனை. உடலிற் சேமித்துள்ள கிளைக்கோசன் சில மணி நேர ஓட்டத்திற்கே போதுமானது. ஆதலின் ஓடிக்கொண்டே உண்ணுதலும், உண்டதைச் செரித்தலும் வேண்டும். குருதி தசைகளை நோக்கி விரைவதால் இரைப்பை தளரும். பலர் விலகுவது கால் சோர்ந்தன்று, வயிறு மறுத்தே. இவற்றோடு இரவு, குளிர், துயிலின்மை ஆகியவற்றையும் வெல்லல் வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் நடத்தலும் இயலாமையன்று. அச்சரிவில் அதே வேகத்தில் ஓடுவதினும் நடத்தல் குறைந்த சக்தியைச் செலவிடும்.

பெண் வீரருள் கோட்னி டோவால்ற்றரின் சாதனையும் ஈண்டுக் கருதத்தக்கது. அவர் 2017இல் அமெரிக்காவின் மோவாப் பகுதியில் நிகழ்ந்த 240 மைல் போட்டியில், ஆடவர் அனைவரையும் பல மணி நேரத்தால் முந்தினார். 2023இல் வெஸ்ரேண் ஸ்ரேற்ஸ், ஹாட்ரொக், மோன் பிளான் ஆகிய மூன்று பெரும் போட்டிகளிலும் ஒரே கோடையிற் பெண்களுள் முதலிடம் பெற்றார். தூரம் மிக மிக, வேகத்தின் பங்கு குறைந்து பிற திறன்களின் பங்கு வளர்வதை இது புலப்படுத்தும்.

ஐயவாதிகள் கூற்றில் ஒரு பகுதி உண்மையே. கிழக்கு ஆபிரிக்காவின் பெருவீரர் திரளாக இத்துறையில் இறங்குவாராயின், இன்றைய சாதனைகள் பல முறியடிக்கப்படலாம். ஆயினும், அவரும் வாம்ஸ்லியைப் போலவே இறக்கத்தையும் இரவையும் உணவையும் புதிதாகப் பயிலல் வேண்டும். மரதனில் முந்துபவன் மலையிற் பிந்தலாம். மலையில் வென்றவன் தடகளத்தில் தோற்கலாம். இருவருள் எவரும் போலி வீரரல்லர். ஒவ்வொரு போட்டியும் ஒரு வினாத்தாள் போன்றது. தான் வினவியதற்கே அது விடை பெறும். ஒரு தாளின் புள்ளியைக் கொண்டு மற்றொன்றின் தேர்ச்சியை மறுத்தல், மைதானத்திலாயினும் வகுப்பறையிலாயினும், நீதியாகாது.