காக்கா ஆஸ்பத்திரி

காக்கைக்குச் சோறு வைக்கும் வீடுகளுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. முதல் பிடி சாதத்தைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டு, அது வந்து கொத்தின பிறகுதான் எங்கள் பாட்டி இலை போடுவாள். ஆனால் அதே காக்கை இறக்கை முறிந்து வாசலில் வந்து விழுந்தால்? "சனியனே, தூரப் போ!" என்று சொல்லியிருக்க மாட்டாள் என்று நான் உத்தரவாதம் தர முடியாது.

சென்னையின் தென்கோடியில் ஒரு பிராணி இல்லம். அங்கே இப்படி விழுந்த காக்கைகளுக்கென்றே ஒரு பெரிய கூண்டு இருக்கிறது. அதைக் கவனித்து வருபவர் ரிடையரான ஓர் ஆசிரியை. "பேரைப் போட்டுடாதீங்க, தம்பி. அப்புறம் ஊர்க் காக்கா பூரா என் வீட்டு வாசலுக்கு வந்துடும்" என்று கேட்டுக் கொண்டார். ஆகவே டீச்சரம்மா என்றே சொல்லி வைக்கிறேன்.

நான் போன அன்று கூண்டில் ஒன்பது பேர். அவர்களில் நாலு பேர் மாஞ்சா நூலில் மாட்டிக் கொண்டவர்கள். கண்ணாடித் தூள் பூசிய நூல், இறக்கைத் தசையைப் பிளேடு மாதிரி அறுத்துவிடுகிறது. "நூலைப் பிடிச்சு இழுக்கவே கூடாது. இரண்டு பக்கமும் கத்தரிச்சுட்டு, அப்படியே அட்டைப் பெட்டியிலே போட்டுக் கொண்டு வந்துடணும்" என்றார் டீச்சரம்மா.

பெட்டியில் காற்றுக்கு ஓட்டைகள், அடியில் பழைய துணி, மேலே மூடி. இருட்டுதான் அதற்கு முதல் மருந்து. பரிதாபப்பட்டு வாயில் தண்ணீர் ஊற்றினால் ஆபத்து. மூச்சுக் குழாயின் வாசல் நாக்குக்குப் பின்னாலேயே இருப்பதால் தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். பாலும் ஆகாது. கொத்துக் கொத்தாகக் காக்கைகள் செத்துக் கிடந்தால் தொடவே வேண்டாம், கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். 2021 ஜனவரியில் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் பறவைக் காய்ச்சல் காக்கைகளைத்தான் வாரிக் கொண்டு போயிற்று.

கூண்டின் பக்கங்களுக்குக் கம்பி வலை கிடையாது, மூங்கில் தப்பைதான். வலையில் மோதினால் இறகு ஒடியும். ஒடிந்த இறகு சிறகுதிர்க்கும் பருவம் வந்தால்தான் மறுபடி முளைக்கும்; அது வருஷத்துக்கு ஒரு தடவை. முறிந்த எலும்போ இரண்டு மூன்று வாரத்தில் கூடிவிடுகிறதாம்!

கோடையில் வந்து சேரும் குஞ்சுகளில் பல, அடியே படாதவை. கண் நீலமாக, வால் குட்டையாக, தரையில் தத்தித் தத்தி நடப்பதைப் பார்த்து, "ஐயோ பாவம்" என்று தூக்கி வந்துவிடுகிறார்கள். அது பறக்கப் பழகும் பருவம். தாயும் தகப்பனும் மேலேயேதான் இருக்கும். பூனை வந்தால் மட்டும் எடுத்து ஒரு கிளையில் வைத்தால் போதும். மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் கட்டுக்கதை. சில சமயம் வருவது காக்கையாகவே இராது! "காலைப் பாருங்க. முன்னாலே மூணு விரல், பின்னாலே ஒண்ணு இருந்தா காக்கா. ரெண்டும் ரெண்டும்னா குயில்."

"நீங்களாக வளர்த்ததுண்டா?" என்று கேட்டேன்.

டீச்சரம்மா உடனே பதில் சொல்லவில்லை. தட்டில் அவித்த முட்டையையும் ஊற வைத்த நாய்த் தீனியையும் பிசைந்து கொண்டிருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு. எட்டு வருஷம் ஆச்சு. வீட்டிலே, என் மடியிலேயே வளர்ந்தது. பேர் வெச்சேன், பேசினேன், கையாலே ஊட்டினேன். பறக்க வந்ததும் விட்டேன். மூணாம் நாள் அடுத்த தெருவிலே யாரோ ஒருத்தர் தலைமேலே போய் உட்கார்ந்திருக்கு. பழகின பிரியம்! அவருக்கு என்ன தெரியும்? காக்கா தலையிலே பட்டா ஆகாதுன்னு தடியாலே அடிச்சுட்டார்."

காக்கை ஆளை மறக்காது. 2006-ல் அமெரிக்காவில் ஸியாட்டில் நகரத்தில் ஜான் மார்ஸ்லஃப் என்ற பேராசிரியர் ஒரு முகமூடி மாட்டிக் கொண்டு ஏழு காக்கைகளைப் பிடித்து விட்டுவிட்டார். வருஷங்கள் கழிந்த பின்னும் அந்த முகமூடி தெருவில் வந்தால், பிடிபடாத காக்கைகள்கூடக் கூடி நின்று திட்டினவாம். டீச்சரம்மாவின் காக்கையோ மனித முகம் என்றால் நல்லது என்று மட்டுமே படித்திருந்தது.

இப்போது குஞ்சுகளுக்கு அவர் பெயர் வைப்பதில்லை. ஒரு வார்த்தை பேசுவதில்லை. துணித் திரையின் ஓட்டை வழியே இடுக்கியால் ஊட்டுகிறார். கண் திறந்ததும் பெரிய காக்கைகளோடு சேர்த்துவிடுகிறார். எனக்கும் "உஸ்" என்று உத்தரவு!

அன்று இரண்டுக்கு விடுதலை. பிடிபட்ட இடத்திலேயே விட வேண்டுமென்பதால் ஆட்டோவில் போனோம். பெட்டியைத் திறந்ததும் ஒன்று ஜிவ்வென்று வேப்ப மரத்துக்குப் போய்விட்டது. மற்றது டீச்சரம்மாவை ஒரு விநாடி பார்த்தது. அவர் சட்டென்று இரண்டு கையையும் உரக்கத் தட்டி விரட்டினார். அதுவும் போய்விட்டது. திரும்பி வரும் வழியெல்லாம் அவர் பேசவில்லை.

கூண்டில் ஒற்றை இறக்கையோடு ஒரு கிழக் காக்கை உண்டு. அதற்கு இனி அதுதான் வீடு. தின்றது போக மிச்சத்தைக் கண்ட இடத்தில் ஒளித்து வைப்பது அதன் வழக்கமாம். வீட்டுக்கு வந்து ஜோல்னாப் பையைத் திறந்தேன். நோட்டுப் புத்தகத்துக்கு அடியில் அவித்த முட்டைத் துண்டு ஒன்று இருந்தது.