நெட்டியும் கொழுப்பும்

விடுமுறை வந்ததும் நம்மிற் பலர் திருப்பதியில் பேருந்து ஏறிச் சித்தூர் வழியாக வேலூரை அடைகிறோம். சன்னலோரம் இடம் கிடைத்தால் கண்ணயர்ந்து விடுகிறோம். ஆனால் அந்தப் பாதையிலே துப்பாக்கியின் வரலாறும் நம்முடன் வருகிறது. சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டைப் பாசறையிலேதான் 1782 டிசம்பர் 7ஆம் நாள் ஐதர் அலி உயிர் நீத்தார். சித்தூரிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் சென்றால் வேலூர்க் கோட்டை. 1806 ஜூலை 10ஆம் நாள் விடியுமுன்னே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த இடம் அது.

அந்நாளையத் துப்பாக்கிக்கு வாய்வழியாகவே மருந்தும் குண்டும் இட வேண்டும். அதற்கு எத்தகைய குண்டு, எவ்வளவு மருந்து என்பது சிறிய கேள்வி போலத் தோன்றும். அந்தக் கேள்விக்கு விடை தேடிய கதையில் நம் தென்னாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. அதையே இங்குச் சொல்ல விரும்புகிறேன்.

தளர்ச்சியா, இறுக்கமா?

கும்பினிப் படையின் பழைய துப்பாக்கியின் குழல் உட்புறம் வழவழப்பானது. துளையின் அகலம் ஏறத்தாழ 0.75 அங்குலம், அதிலிடும் ஈயக் குண்டோ 0.69 அங்குலந்தான். இந்த இடைவெளி வேண்டுமென்றே விடப்பட்டது. சில முறை சுட்டதும் மருந்தின் கரி குழலில் அப்பிக்கொள்ளும். குண்டு சிறிதாக இருந்தால்தான் கரி படிந்த பின்னும் எளிதில் உள்ளே இறங்கும். பழகிய சிப்பாய் நிமிடத்திற்கு மூன்று முறை சுடலாம்.

ஆனால் இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. வெடித்த புகையில் ஒரு பகுதி குண்டைச் சுற்றியுள்ள சந்து வழியே வீணாகிவிடும். குண்டும் குழலின் சுவரில் மாறி மாறி மோதிக்கொண்டே வெளியேறும். கடைசியாக எந்தப் பக்கம் மோதிற்றோ அதற்கேற்பத் திசை மாறும். நூறு கஜத்திற்கு அப்பால் ஒரு மனிதனைக் குறிபார்த்து வீழ்த்துவது தற்செயலேயாகும்.

இதற்கு மாற்று, குழலுக்குள் திருகு புரிகளை வெட்டுவது. புரியைப் பற்றிக்கொண்டு வரும் குண்டு பம்பரம் போலச் சுழலும். சுழலும் குண்டு நேராகச் செல்லும். ஆனால் குண்டு புரியைப் பற்ற வேண்டுமானால் இறுக்கமாக இருந்தாக வேண்டும். 1800ஆம் ஆண்டளவில் வந்த பேக்கர் துப்பாக்கியில் குண்டைத் தோலில் பொதிந்து, வலிந்து உள்ளே தள்ள வேண்டியிருந்தது. தொடக்கத்தில் அதற்கென மரச்சுத்தியும் கொடுத்தார்களாம்! பகைவன் பாய்ந்து வரும்போது சுத்தியல் வேலை நடக்குமா?

போகும்போது தளர்ச்சி, வரும்போது இறுக்கம். ஒரே குண்டு இரண்டாகவும் இருப்பது எங்ஙனம்?

தென்னாட்டு நெட்டி

இங்கிலாந்தின் 34ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த காப்டன் நார்ட்டன் என்பவர் 1823இல் இதற்கு ஒரு வழி கண்டார். தென்னிந்திய மக்கள் வாயால் ஊதி அம்பெய்யும் குழலைப் பார்த்தே அவருக்கு அந்த எண்ணம் தோன்றியது என்று ஆயுத வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அம்பின் அடியில் நெட்டி பொருத்தியிருந்தார்கள். ஊதும்போது நெட்டி விரிந்து குழலின் சுவரை அடைத்துக்கொள்ளும். மூச்சு சிறிதும் வீணாகாது. நார்ட்டன் அதே முறையில் அடிப்புறம் குடைவான, முனை கூம்பிய குண்டைச் செய்தார். வெடிப்பின் அழுத்தத்தால் அதன் அடி விரிந்து குழலை அடைத்தது. ஆங்கில அரசு அதை ஏற்கவில்லை. பின்னர் 1849இல் பிரெஞ்சுக்காரரான மினியே அமைத்த குண்டுதான் புகழ் பெற்றது.

அவ்வழியில் வந்ததே 1853ஆம் ஆண்டின் என்பீல்டு துப்பாக்கி. துளை 0.577 அங்குலம், உள்ளே மூன்று புரிகள். குண்டின் அகலம் முதலில் 0.568 அங்குலம், எடை ஏறத்தாழ 34 கிராம். மருந்தின் அளவைக் கவனியுங்கள்: பழைய வழவழப்பான துப்பாக்கிக்கு 8 கிராம் வேண்டியிருந்தது, இதற்கு நாலரை கிராமே போதுமானதாயிற்று. புகை வீணாகாதபோது மிகுந்த மருந்து எதற்கு? அளவுக்கு மிஞ்சினால் மென்மையான ஈயம் புரியை விட்டு வழுக்கும். சுடுபவன் தோளும் நோகும்.

கொழுப்பு

எஞ்சியது கரியின் தொல்லை. குண்டைச் சுற்றியுள்ள தாளில் மெழுகும் கொழுப்பும் பூசினால் கரி இளகும். அடுத்த குண்டு எளிதில் இறங்கும். பொறியியல் நோக்கில் இது சரியான முடிவே. ஆனால் தோட்டாவின் தாளைச் சிப்பாய் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும் என்பது அன்றைய விதி. அது பசுவின் கொழுப்பா, பன்றியின் கொழுப்பா? இந்து சிப்பாயும் முசுலிம் சிப்பாயும் கேட்ட கேள்வி இது.

எச்சரிக்கை இல்லாமற் போகவில்லை. கொழுப்பு மனம் புண்படுத்தாத வகையினது என்று தெரிந்தாலன்றி இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுக்கலாகாது என்று வங்காளப் படையின் அதிகாரி கர்னல் டக்கர் 1853இலேயே எழுதினார். எவரும் பொருட்படுத்தவில்லை. 1857 தொடக்கத்தில் டம்டம்மில் வதந்தி பற்றிக்கொண்ட பிறகே, சிப்பாய்கள் தாங்களே மெழுகும் எண்ணெயும் பூசிக்கொள்ளலாம் என்றார்கள். கையாலேயே கிழிக்கலாம் என்றும் விதியை மாற்றினார்கள். காலம் கடந்துவிட்டது. ஏப்ரலில் மீரத்தில் 85 குதிரைப்படை வீரர்கள் மறுத்த தோட்டா புதியதன்று, பழைய வகையே! நம்பிக்கை போனபின் பழையதும் நஞ்சாகத்தானே தோன்றும்?

இவ்விடத்தில் வேலூரை நினையுங்கள். அங்கே 1806இல் மூண்ட சினத்திற்குப் புதிய தலைப்பாகையில் வைத்த தோலும் ஒரு காரணம். அது எந்த விலங்கின் தோல் என்பதே அன்றும் கேள்வி. ஐம்பத்தோராண்டு கழித்து அதே கேள்வி கொழுப்பைப் பற்றி எழுந்தது. தென்னாட்டு நெட்டியைக் கண்டு ஒருவர் பாடம் கற்றார். தென்னாட்டு வேலூரைக் கண்டு ஆள்வோர் பாடம் கற்கவில்லை.

கிளர்ச்சிக்குப் பின் குண்டின் அகலத்தை 0.55 அங்குலமாகக் குறைத்தார்கள். தேன்மெழுகு மட்டுமே பூசலானார்கள். கரித் தொல்லை பெரிதும் தீர்ந்தது. அதாவது, விலங்குக் கொழுப்பே இல்லாமல் காரியம் நடந்திருக்கும்! ஆனால் இந்தியச் சிப்பாய்க்குப் புரித்துப்பாக்கி கிட்டவில்லை. துளையை அகலமாக்கிப் புரியில்லாமற் செய்த துப்பாக்கியே தரப்பட்டது. இம்முறை குறைபாட்டை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார்கள்.

நாளை நம்மில் சிலர் பொறியாளராவோம், சிலர் அதிகாரிகளாவோம். அங்குலமும் கிராமும் தவறாமல் கணக்கிடுவோம். அந்தப் பொருளைக் கையிலும் வாயிலும் ஏற்கப்போகிறவன் யார் என்று ஒரு முறை கேட்டுவிட்டால், கணக்கு நிறைவுறும். அடுத்த முறை பேருந்து வேலூர்க் கோட்டையைக் கடக்கும்போது கொஞ்சம் விழித்திருங்கள், நண்பர்களே!